கையெழுத்துப் போட வந்த அண்ணன்

நாற்பத்தாறு வயது மனிதன் ஒருவன் யாருக்கும் சொல்லாமல் ரயிலேறிப் பக்கத்து ஊருக்குப் போய்ப் போய் வருகிறான் என்றால், பிரிக்பீல்ட்ஸில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நானோ அந்த அர்த்தத்துக்கே லாயக்கில்லாத நிலைமையில் இருந்தேன். கிள்ளானுக்குப் போனதே அதற்காகத்தான்.

விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்லி நான் பட்டது போதும். ஆண்குறியின் முன்தோல் எனக்கு இறுகிப் போயிருந்தது. முதலில் அரிப்பு வந்தது. பிறகு தோலில் மயிரிழை மாதிரி வெடிப்பு. வெடிப்பு ஆறும், ஆறினதும் தோல் முன்னைவிடக் கொஞ்சம் சுருங்கியிருக்கும், மறுபடி வெடிக்கும். நனைந்த கயிற்று முடிச்சு வெயிலில் காய்ந்து இறுகுமே, அந்த மாதிரி. ஒரு வருஷத்தில் தோல் பின்னால் நகர்வதே நின்றுபோயிற்று. சிறுநீர் நூல் மாதிரி வந்தது, அதுவும் கோணலாக.

நான் அப்போது ரயில்வே சரக்கு ஆபீசில் கிராணி. மற்ற ஊர்க்காரர்கள் குமாஸ்தா என்பதை எங்கள் நாட்டில் கிராணி என்போம். எங்களுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸில் குளியலறைகளும் கக்கூசுகளும் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக இருக்கும். காலையில் நான் உள்ளே போனால் வெளியே ஒரு கூட்டம் சேர்ந்துவிடும். பக்கத்து வீட்டு ரயில் கார்டு கதவைத் தட்டுவார்.

“கிராணியாரே, உள்ளயே குடி போயிட்டீங்களா? வாடகையை மாத்தி எழுதிரட்டுமா?”

“பேப்பர் படிக்கிறேன் அண்ணே!”

“பேப்பர் எங்க வீட்டுல இருக்கு, நீங்க எதைப் படிக்கிறீங்க?”

சிரித்துக்கொண்டே வெளியே வருவேன். ஊரில் எனக்குக் கோமாளி என்று பெயர். கோமாளிக்கு இது ஒரு வசதி. அவன் முகம் எப்படிக் கோணினாலும் வேடிக்கை காட்டுகிறான் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள்.

வீட்டில்தான் அந்த வித்தை செல்லவில்லை. எங்களுக்கு ஒரே மகள். அவளைச் செமினியில் கட்டிக்கொடுத்துவிட்டோம். வீட்டில் நானும் மனைவியும் மட்டும். இருபத்துநான்கு வருஷம் ஒரே பாயில் படுத்தவளிடம் ‘வலிக்கிறது, கிட்டே வராதே’ என்று சொல்ல வாய் வரவில்லை. ஆகவே பக்தி முற்றியவனாக ஆனேன். ஐப்பசியில் சஷ்டி விரதம். கார்த்திகையில் சோமவாரம். மார்கழியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தையில் பூசம். மாசியில் சிவராத்திரி. பங்குனியில் உத்திரம். சித்திரை பிறந்ததும் என் கைவசம் விரதம் தீர்ந்துபோனது. பஞ்சாங்கத்தை இரண்டு தரம் முன்னும் பின்னும் புரட்டினேன். அகப்படவில்லை. வைகாசியில் இடுப்புப் பிடிப்பு என்று சொல்லிப் பாயை முன்னறைக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதது எனக்குச் சௌகரியமாக இருந்தது. ஒருநாள் பார்த்தேன், அலமாரிக் கண்ணாடியின் மேல் பழைய துணி ஒன்றைப் போட்டு மூடி வைத்திருந்தாள். தூசு விழாமலிருக்க என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவு கெட்டிக்காரன் நான்.

மஸ்ஜித் இந்தியா பக்கம் துணிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் என் சிநேகிதர். அவருடைய துணி மூட்டைகள் எங்கள் சரக்கு ஆபீஸ் வழியாக வரும். ஒரு மூட்டை காணாமல் போய், அவர் என் மேஜை முன்னால் வந்து நின்று கத்தியதில் ஆரம்பித்த சிநேகம். என் வயதுதான். அவருடைய சமூகத்தில் சிறு பிள்ளைகளுக்கே சுன்னத்துச் செய்து விடுவார்கள், அதைச் செய்ய ஒஸ்தா என்று ஒருவர் இருப்பார் என்பது எனக்குத் தெரியும். டாக்டர் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம், ரெக்கார்டு வேண்டாம், ஒரு நிமிஷ வேலை என்று என் மூளை கணக்குப் போட்டது.

“பாய், உங்க ஒஸ்தாவை ஒரு தடவை பாக்கணும்.”

“எதுக்கு ஓய், முடி வெட்டவா? தலையிலதான் ஒண்ணும் மிச்சமில்லையே.”

“தலையில இல்ல.”

பாய் அளவுகோலைக் கீழே வைத்தார். கடையில் இருந்த இரண்டு ஆட்களையும் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். சிரிப்பு என்றால் சாதாரணச் சிரிப்பில்லை, வாயில் சீட்டித் துணியை அடைத்துக்கொண்டு சிரித்தார்.

“எனக்கு ஏழு வயசுல பண்ணாங்க. மாலை போட்டு, குதிரைல ஏத்தி ஊர்கோலம் விட்டாங்க. நாலாம் நாளு தென்னமரத்துல ஏறப் போயி வாப்பாகிட்ட அடி வாங்குனேன்.”

“எனக்கும் குதிரை கிடைக்குமா பாய்?”

“உன் எடைக்கு ரயில் இஞ்சினுதான் கிடைக்கும்.”

“கிண்டல் இருக்கட்டும். இதுக்காக நான் மதம் மாறிட்டேன்னு ஊருல சொல்லிட்டா?”

“மொதல்ல எங்க ஆளுங்க உன்னைச் சேத்துக்கணும்ல?” என்றார். பிறகு அவருடைய முகம் மாறியது. “ஓய், கக்கூசுல நீ போன எடத்துல எறும்பு மொய்க்குதா?”

மொய்த்தது. மாதக்கணக்காக மொய்த்தது. அதைப் பார்த்து ‘நம் மூத்திரத்துக்கும் கிராக்கி இருக்கிறதே’ என்று எனக்குள் ஒரு ஜோக் வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

“அப்ப உனக்குச் சக்கரை. எங்க பெரியவாப்பாவுக்குக் கால் விரல்ல ஒரு சின்னப் புண்ணு வந்துச்சு. ஆறவே இல்ல. விரலு போச்சு, அப்புறம் பாதம் போச்சு. ஒஸ்தா கை ராசியான கைதான், ஆனா அது சின்னப் புள்ளைங்களுக்குப் பழகுன கை. சக்கரைக்காரனை அவருகிட்ட கொண்டுபோயி நிறுத்த மாட்டேன். விரலு போனாலாவது செருப்புக்குள்ள மறைக்கலாம். டாக்டர்கிட்ட போ.”

ரயில்வே டாக்டரிடம் போனால் மத்தியானத்துக்குள் ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் கிள்ளானைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் தன் வீட்டோடு சேர்த்து ஆறு கட்டில் போட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் கிள்ளான் சரக்குக் கொட்டகையில் கணக்கெடுப்பு வேலை என்றேன்.

டாக்டர் பார்த்தார். பார்க்கும்போது நான் ஏதோ ஹாஸ்யம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, கண்ணாடிக் குழாயில் இருந்த நீல மருந்தில் என் சிறுநீரில் சில சொட்டு விட்டு, சாராய விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாயிற்று, பச்சை மஞ்சளாயிற்று, மஞ்சள் கடைசியில் சுட்ட செங்கல் நிறத்தில் நின்றது.

“நீர் எந்த ஊர் எண்டு சொன்னனீர்?”

“பிரிக்பீல்ட்ஸ்.”

“அங்கை செங்கல் சூளை எல்லாம் மூடியாச்சு எண்டு கேள்விப்பட்டன். ஒண்டு இன்னும் எரியுது போல.”

ஜோக் சொல்கிறவனுக்கு இன்னொருவர் ஜோக் சொன்னால் சிரிப்பு வராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் எதிர்பார்த்தது, அவர் அப்போதே கத்தியை எடுப்பார், நான் மயங்கி விழுவேன், எழுந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். சலம், அதாவது சிறுநீர், முழுக்க அடைத்துக்கொண்டதுண்டா? இல்லை. காய்ச்சல்? இல்லை. தோல் பின்னால் போய் மாட்டிக்கொண்டதா? இல்லை.

“அப்ப இண்டைக்கே வெட்டவேணும் எண்ட அவசரம் இல்லை. அவசரம் இல்லாத அறுவைக்கு யோசிக்க நேரம் இருக்கு. அந்த நேரத்தை வீணாக்கக்கூடாது. வெட்டாமல் ஆறுமோ எண்டு முதல் பார்ப்பம். சீனி குறைஞ்சால் சில பேருக்கு இந்தத் தோலே இளகும். உமக்குத் தழும்பு கூட, இளகிறது கஷ்டம்தான். ஆனாலும் சீனியோடை வெட்டினால் புண் ஆறாது. ஆறு கிழமை சோத்தைக் குறையும், சீனியைக் கண்ணாலையும் பார்க்காதேயும், உப்புத் தண்ணியிலை கழுவும், களிம்பு பூசும். பிறகு வாரும்.”

கிளம்பும்போது வாசலில் நிறுத்தி இன்னொன்று கேட்டார். “இதை வெட்டினால் என்ன கிடைக்கும் எண்டு நினைக்கிறீர்?”

யோசித்துப் பார்த்தேன். உள்ளுக்குள் நான் நினைத்திருந்தது இருபத்தைந்து வயது திரும்பும் என்று. வெளியே சொல்லவில்லை. ஆனால் முகம் சொல்லியிருக்க வேண்டும்.

“வலி போகும். சலம் நேராய்ப் போகும். புண் திரும்பத் திரும்ப வாறது நிக்கும், அதுவும் சீனியைக் கட்டி வைச்சிருந்தால். அவ்வளவுதான். ஆசை கூடாது, வயசு குறையாது, சண்டை தீராது. இதுக்கு மேலை ஏதும் வேணுமெண்டால் என்னட்டைக் கத்தி இல்லை.” கடைசியாக, “மனுசிக்குத் தெரியுமோ?” என்றார்.

“தெரியும்” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்.

ஆறு வாரம் பாகற்காய். வீட்டில் அதற்கும் ஒரு காரணம் வேண்டுமே. அரிசி விரதம் என்று ஒன்றை நானே சிருஷ்டித்தேன். மனைவி ஒருநாள் கேழ்வரகுக் களியைத் தட்டில் வைத்தபடி, “இது எந்தச் சாமிக்குங்க?” என்றாள்.

“எல்லாச் சாமிக்கும் பொது.”

“அப்ப எல்லாச் சாமியும் உங்களைக் கைவிட்டுருச்சுன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதில் கிண்டல்தான் எனக்குக் கேட்டது.

தோல் இளகவில்லை. ஆனால் கண்ணாடிக் குழாய் நிறம் பச்சையோடு நிற்க ஆரம்பித்தது. டாக்டர் நாள் குறித்தார். முதல் நாள் மாலையே வந்து படுக்க வேண்டும், மறுநாள் காலை அறுவை, முழு மயக்கம் கிடையாது, அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி. இரண்டு மூன்று வாரம் வீட்டில் ஓய்வு, ஒரு மாதத்துக்குச் சைக்கிள் கிடையாது, ஆறு வாரத்துக்கு மனைவியோடு சேரக்கூடாது. முழுக்க வெட்டாமல் தோலைக் கீறி மட்டும் விடும் வழியும் உண்டு, ஆனால் என் தழும்புக்கு அது போதாது என்று படம் போட்டுக் காட்டினார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். வீட்டில் ஓய்வுக்குக் காரணம் சொல்லத்தான் இருக்கவே இருந்ததே இடுப்புப் பிடிப்பு.

“வீட்டு ஆள் ஒருத்தர் வந்து கையெழுத்துப் போடவேணும். மனுசி வந்தால் நல்லது.”

“அவளுக்கு ரயில் ஒத்துக்காதுங்க. அண்ணன் இருக்கார்.”

எனக்கு அண்ணன் கிடையாது. நான் வீட்டுக்கு மூத்தவன்.

பாயிடம் போய் நின்றேன். “ஒரு கையெழுத்துதான் பாய். ஒரு நிமிஷம் எனக்கு அண்ணனா இருங்க.”

“இருபது வருசமா உனக்கு நல்ல புத்தி சொல்றேன், அப்பல்லாம் அண்ணன்னு தோணல. பொண்டாட்டிகிட்ட சொன்னா என்ன?”

“அவ பயந்துருவா.”

“பயந்து நடுங்கறது யாருன்னு நீ உக்காந்திருக்கற நாற்காலியைக் கேளு.” ஆனாலும் வந்தார். சிநேகிதம் என்றால் அப்படித்தான், திட்டிக்கொண்டே கூட வரும்.

அன்றைக்கு மாலை டாக்டர் வெளியே நோயாளி பார்க்கப் போயிருந்தார். கம்பவுண்டர்தான் எங்களைப் பதிவு செய்தார். பாய் தொப்பியோடும் கட்டம் போட்ட கைலியோடும் உட்கார்ந்து, ‘தமையனார்’ என்று கோடு போட்ட இடத்தில் அழகாகக் கையெழுத்துப் போட்டார். கம்பவுண்டர் அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டையில் ஏதோ எழுதிக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டினார். நான் அதைப் படிக்கவில்லை. படுத்துக்கொண்டு ஓட்டு வளையை எண்ணிக்கொண்டிருந்தேன். நான் செத்துப்போய்விட்டால் ஆபீசில் என் மேஜையை யார் எடுப்பான் என்பதுவரை யோசித்துவிட்டேன். யார் எடுப்பான் என்று தெரிந்தும்விட்டது. அந்தத் தடியன் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

ஆறு மணி வாக்கில் சாப்பாடு வந்தது. எதிரே முஸ்லிம் ஒருவர் நடத்திய காக்கா கடையிலிருந்து, வாழையிலையில், நெய்ச்சோறும் கோழிக்காலும். கொண்டுவந்த ஆள், “நல்லபடியா முடியும் காக்கா, துவா செய்யிறோம்” என்று சொல்லிவிட்டுப் போனான். ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. ஆனால் ஆறு வாரம் பாகற்காய் தின்றவன் நான். வாசனை மூக்கைத் துளைத்தது. முதலில் ஒரு வாய், பிறகு விசாரணை என்று முடிவு செய்தேன்.

“டாய், அது சோறு! நெய்ச்சோறு!” என்று பாய் ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வருவதற்குள் கோழிக்கால் என் வாய்க்குள் போய்விட்டது. வாசலில் டாக்டர் நின்றுகொண்டிருந்தார்.

அவர் அட்டையை எடுத்துப் படித்தார். ‘முகமதியர்; உணவு அதன்படி’ என்று இருந்ததாம். என் நெற்றியைப் பார்த்தார். பட்டை பட்டையாக விபூதி. பயத்தில் வழக்கத்துக்கு இரண்டு மடங்கு பூசியிருந்தேன். ஜன்னலோரத்தில் தொப்பியோடு நின்ற என் ‘அண்ணனை’ப் பார்த்தார்.

“தமையன் முஸ்லிம். தம்பி நெத்தியிலை திருநீறு. முஸ்லிம் எண்டு எழுதின ஆளுக்கு நாப்பத்தாறு வயசிலை நான் நாளைக்கு முன்தோல் வெட்டப் போறன். இந்த மூண்டும் ஒரே வீட்டிலை எப்பிடிப் பொருந்தும், எனக்கு விளங்கேல்லை. கிராணியார் விளங்கப்படுத்தும்.”

வாயில் கோழி இருந்ததால் நான் விளங்கப்படுத்தவில்லை. பாய்தான் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “நான் அண்ணன் இல்லீங்க டாக்டர். துணி வியாபாரி” என்றார்.

டாக்டர் இலையைக் கையால் தள்ளிவிட்டு என் கட்டிலிலேயே உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாகப் பேசினார்.

“நாளைக்கு ஊசி போட்டவுடனை உமக்கு ஏதும் நடக்குமெண்டால், நடக்காது, ஆனால் நடந்தால், நான் உம்மை எரிக்கிறதோ, புதைக்கிறதோ? ஆரைக் கேக்கிறது? இவரைக் கேட்டால் முழம் போட்டு அளந்து சொல்லுவாரோ? புண் பழுதாய்ப் போனால் பக்கத்திலை இருந்து கழுவிறது ஆர்? மனுசிக்குத் தெரியும் எண்டு நீர் சொன்னதை நம்பி நான் நாள் குறிச்சன். நீர் நினைக்கிறீர் இது உம்முடைய தனிச் சொத்து எண்டு. கலியாணம் கட்டின ஆளுக்கு அப்பிடி இல்லை.”

“இவன் மௌத்தாயிருந்தா நாந்தான் போய் அந்தத் தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கணும்” என்றார் பாய். “அவன் கிள்ளான்ல என்ன பண்ணிட்டு இருந்தான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?”

மறுநாள் வெட்டு நடக்கவில்லை. முதல் ரயிலில் வீட்டுக்குத் திரும்பினேன். வழியெல்லாம் கித்தா என்கிற ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக வந்தன. ஒவ்வொரு மரத்திலும் கீறின கோடும் கீழே ஒரு கோப்பையும். அன்றைக்கு அவற்றைப் பார்க்கும் நிலையில் நான் இல்லை, கண்ணை மூடிக்கொண்டேன்.

மனைவி பின்கட்டுக் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் வேலை என்று போனவன் ஒரே நாளில் வந்து நிற்கிறேன். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்.

“போன வேலை முடிஞ்சுதா?”

“முடியல.”

“ஏன், அவ ஊர்ல இல்லையா?”

“எவ?”

“கிள்ளான்ல இருக்கறவ.”

நான் சிரித்துவிட்டேன். வாழ்க்கையில் நான் சிரித்த சிரிப்புகளிலேயே மோசமானது அதுதான். அவள் துணியை வாளியில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போனாள். நானும் பின்னால் போனேன். அலமாரியின் முன் நின்றபடி, கண்ணாடியின் மேல் கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு, செங்கல் நிறம், ஒஸ்தா, அண்ணன், கோழிக்கால், ஒன்று விடாமல். ஜோக் ஒன்றும் சேர்க்காமல் சொன்னதால் சீக்கிரம் முடிந்துவிட்டது.

அவள் போய் முன்கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு வந்தாள்.

“காட்டுங்க.”

காட்டினேன். குனிந்து பார்த்தாள்.

“இந்தப் புண்ணை வச்சுக்கிட்டா பங்குனி உத்திரத்துக்குக் கோயில் வரைக்கும் அவ்வளவு தூரம் நடந்தீங்க?”

“நீ கூட வந்தியே, பாதியில எப்படி நிக்கறது?”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் என்ன நினைச்சேன் தெரியுமா? எனக்கு வயசாயிருச்சுன்னு நினைச்சேன். பல்லு ஒண்ணு போனது ஒரு காரணமோன்னு நினைச்சேன். அப்புறம் நீங்க கிள்ளான், கிள்ளான்னு கிளம்பவும் சரிதான்னு ஆயிருச்சு. ஒரு வருசமா நான் கண்ணாடி பாக்கறதையே விட்டுட்டேன்.”

எனக்கு வலித்தது என் தோல்தான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். என் வெட்கத்தை மறைக்க நான் போட்ட ஒவ்வொரு விரதமும் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக அசிங்கமானவளாக ஆக்கியிருக்கிறது. அவளும் அதை நம்பியிருக்கிறாள். அதற்கு எந்தக் களிம்பைப் பூசுவது? நான் சொன்னது ஒன்றே ஒன்று: “உன்கிட்ட வலிக்குதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.” வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அப்போது அதுதான் இருந்தது.

அடுத்த வாரம் அவளும் கிள்ளானுக்கு வந்தாள். அவளுக்கு ரயில் நன்றாகவே ஒத்துக்கொண்டது. வழியில் இரண்டு தரம் கடலை வாங்கித் தின்றாள். டாக்டர் முன்னால் உட்கார்ந்து, இரண்டு மாதமாக நான் கேட்கத் தோன்றாத கேள்விகளைக் கேட்டாள். இந்த வெட்டைப் பெரிய ஆளுங்களுக்கு எத்தனை பேருக்குப் பண்ணியிருக்கீங்க? அதுல யாருக்காச்சும் கெட்டுப் போச்சா, போனா என்ன பண்ணீங்க? ரத்தம் நிக்கலைன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்? ராத்திரி காய்ச்சல் வந்தா பிரிக்பீல்ட்ஸ்ல யாருகிட்ட போறது? கட்டை அவுக்கறது யாரு, நானா நீங்களா? இவரு சக்கரையை மறுபடி ஏத்திக்கிட்டா பட்ட கஷ்டமெல்லாம் வீணா?

டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். ஒருவருக்குப் புண் பழுதாகி ஒரு மாதம் இழுத்ததை மறைக்காமல் சொன்னார். கேட்டுவிட்டு அவள் என் பக்கம் திரும்பி, “பண்ணிக்கறீங்களா?” என்றாள். யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. நானே என்னைக் கேட்டதில்லை. பண்ணிக்கொள்கிறேன் என்றேன். அவள் தமிழில் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். கம்பவுண்டர் புது அட்டை எழுதினார். எழுதுமுன் மூன்று முறை கேட்டுக்கொண்டார்.

ஊசிதான் கொடுமை. மற்றதெல்லாம் யாரோ தூரத்தில் பாய் பின்னுகிற மாதிரி ஒரு இழுப்பு. பயத்தில் நான் விகடமாகப் பேச ஆரம்பித்தேன். டாக்டரின் தோள் குலுங்கியது. “இஞ்சை பாரும், சிரிப்புக் காட்டாதேயும். என்ரை கை ஆடினால் நட்டம் உமக்குத்தான்” என்றார். நினைவு தெரிந்து விழித்திருக்கும்போது அரை மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்கு ஒருநாள்தான்.

வீட்டில் படுத்திருந்த நாட்களில் பாய் வந்தார். ஒரு புதுக் கைலி, ஒரு மல்லிகை மாலை. “குதிரை கிடைக்கல” என்றார். துணி புண்ணில் படாமலிருக்க, தங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செய்வதுபோல், கைலியின் நடுவில் நூல் கட்டி உத்தரத்து ஆணியிலிருந்து தூக்கி மாட்டினார். கூடாரத்துக்குள் நான் சர்க்கஸ் சிங்கம் மாதிரி படுத்திருந்தேன். பக்கத்து வீட்டுக் கார்டு எட்டிப் பார்த்துவிட்டு, “கொசுவலையை ஏன் கிராணியாரே இடுப்புல கட்டியிருக்கீங்க?” என்றார். மனைவி அடுப்படியிலிருந்து, “அவருக்குக் கொசு அங்கதான் கடிக்குது அண்ணே” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்து ஒரு வருஷமாகியிருந்தது.

ஆனால் எல்லாம் சிரிப்பில்லை. முதல் சில நாட்கள் விடியற்காலை விழிப்பு வரும்போது தையல் இழுத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. கட்டை வெந்நீரில் நனைத்து நனைத்துத்தான் எடுக்க முடிந்தது, எடுத்தது அவள்தான். நான் சுவரைப் பார்த்துக்கொள்வேன். அந்த இடம் வீங்கிக் கறுத்திருந்ததைப் பார்த்து இனி இது இப்படியேதான் இருக்கும் என்று ஒருநாள் அழுதேன். அது அடங்கப் பல வாரமாகும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார், நான்தான் காதில் வாங்கவில்லை.

இப்போதும் ஆபீசில் யாராவது என் மேஜைப் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தி, “என் சிநேகிதன் ஒருத்தனுக்கு...” என்று ஆரம்பித்தால், நான் அந்தச் சிநேகிதன் யார் என்று கேட்பதில்லை. அவசரமா, இல்லையா என்று கேட்கிறேன். அடைத்துக்கொண்டாலோ, தோல் பின்னால் மாட்டிக்கொண்டாலோ யோசிக்க நேரமில்லை, ஓடு என்கிறேன். அவசரமில்லை என்றால், வெட்டாமல் தீர வழியுண்டா என்று முதலில் கேட்கச் சொல்கிறேன். சர்க்கரையைப் பார்க்கச் சொல்கிறேன். அது எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்று வெட்டுகிறவர் வாயாலேயே சொல்ல வைக்கச் சொல்கிறேன். பிறகு, “சிநேகிதன் வீட்டம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்கிறேன். பெரும்பாலும் அந்த இடத்தில் சிநேகிதன் எழுந்து போய்விடுகிறான். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வருகிறவனும் உண்டு.

ஆறு வாரம் முடிந்து கடைசித் தடவை காட்டப் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு நன்றாக ஆறிவிட்டது என்றார். குழாயில் நிறம் நீலத்தை விட்டு அதிகம் போகவில்லை. வழக்கம்போல என் மனைவியிடம், “அம்மா, கேக்கிறதுக்கு ஏதும் இருக்கோ?” என்றார்.

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, முகத்தை ரொம்பப் பவ்யமாக வைத்துக்கொண்டு கேட்டாள்: “இவரு இனிமே விரதம் ஏதாச்சும் இருக்கணுமாங்க?”

டாக்டர் முதல் தடவையாக என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தார். “சீனிக்கு மட்டும் அம்மா. மற்றதெல்லாம் போதும்.”

கிள்ளான் ஸ்டேஷனில் ரயில் வர நேரமிருந்தது. பையை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் பெண்கள் அறைக்குள் போனாள். அங்கே சுவரில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. கதவு திறந்து மூடும்போதெல்லாம் வெளியிலிருந்து ஓரம் தெரியும். ரயில் வந்து நின்றது. மணி அடித்தார்கள். அவள் வரவில்லை. வண்டியோடு வந்த கார்டு பச்சைக் கொடியைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை முறைத்தார். நான் கூப்பிடவில்லை.

அந்த ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில்தான் போனோம்.